நடு ஆற்றில் நிற்கும் எஞ்சின்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டும். அக்காவின் கதையைக் கோபப்படாமல் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா படகு ஓட்டுகிறாள். எதிர்க்கரையில் இருக்கிற மீன் ஆலைக்கு ஷிஃப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போவாள். அவர்களில் நானும் ஒருத்தி. முன்பு ஓட்டியது அவள் புருஷன், என் மாமா. அவருக்கு முதுகெலும்பு நழுவி, எஞ்சின் கயிற்றை இனி இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், இவள் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். படித்துறையில் சிரிக்காத வாய் இல்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அத்தனை வாயும் மூடிக்கொண்டது. காற்று எப்படி அடித்தாலும் படகைப் படியில் உரசாமல் கொண்டுவந்து நிறுத்துவாள். எல்லோரும் படகை ‘அக்கா போட்டு’ என்றே சொல்லத் தொடங்கினார்கள். மாமா எழுந்து நடமாட ஆரம்பித்தபோது அவர் காதில் விழுந்ததும் அதுதான்.

அப்புறம்தான் எஞ்சின் மக்கர் பண்ணியது. கரையில் ஒரே இழுப்பில் கிளம்பும். நடு ஆற்றுக்கு வந்ததும் இருமும், நின்றுவிடும். துடுப்புப் போட்டுக் கரை சேர்வோம். ஆலையில் சூப்பர்வைசரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். தன் கேனிலிருந்து பெட்ரோல் விட்டு வெகுநேரம் ஓட்டிப் பார்த்து, "எஞ்சின் தங்கமா இருக்கும்மா" என்றார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று அக்கா கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்துப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை. டியூபையும் புதிதாக மாற்றினாள். மறுநாளும் நின்றது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மாமா, எங்கள் எல்லோர் முன்னாலும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படித்துறை மேஸ்திரியும் வந்து சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா ஆலை சவாரியை வேற போட்டுக்குக் குடுத்துடுவேன்மா. ஆலைக்காரங்க என் கழுத்தைப் பிடிக்கிறாங்க." அந்த வீட்டில் உலை கொதிப்பதே இந்த ஒரு படகால்தான்.

இன்னொரு தடவையும் நின்றது. மேஸ்திரி கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அக்கா துடுப்பைத் தொடவில்லை. டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டியூபின் நடுவில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதை அமுக்கி அமுக்கித்தான் பெட்ரோலை ஏற்றுவார்கள். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தது. "எங்கயாவது காத்து இழுத்தா இது திரும்ப உப்பும்டி. இது உள்ள ஒட்டிக்கிட்டு நிக்குது. டேங்க்தான் பெட்ரோலை விட மாட்டேங்குது" என்றாள். டேங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. உருண்டை உப்பியது.

பால் டின்னுக்குக்கூட இரண்டு ஓட்டை போடுகிறோம், ஒன்றில் பால் வர, ஒன்றில் காற்று போக. டேங்க் மூடியிலும் காற்று போக ஓட்டை உண்டு. அதன் மேல்திருகு திறந்திருக்கிறதா என்று அக்கா தினமும் பார்ப்பாள். திறந்துதான் இருந்தது. அன்று மூடியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். ஓட்டையில் துணி சோப்பு அடைத்திருந்தது. டேங்க் கசிந்தால் சோப்பு தேய்த்து அடைப்பது எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுதான். இந்த டேங்க் கசியவே இல்லை.

டேங்க்கில் பெட்ரோல் ரொப்புவது மாமா. அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று அக்காவே விட்டுக்கொடுத்தது அது.

"யார் வேலைன்னு தெரியுதாக்கா?" என்று கத்தினேன்.

"வாயை மூடு. கொண்டை ஊசி குடு."

குத்தி எடுத்தாள். எஞ்சின் எதிர்க்கரை வரை நிற்காமல் ஓடியது. எல்லோரையும் இறக்கினாள். நான் இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று கூடவே திரும்பினேன்.

படியில் மேஸ்திரி நின்றார். பக்கத்தில் கையில் பெட்ரோல் கேனோடு மாமா. "நான் அப்பவே சொன்னேன்ல, பொம்பளை கைக்கு எஞ்சின் அடங்காதுன்னு."

அக்கா மூடியை மேஸ்திரி கையில் வைத்தாள். உள்ளே இன்னும் ஒட்டியிருந்ததை அவர் நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "டேங்க் யாரும்மா ரொப்புறது?"

"பெட்ரோல் ஆவியாப் போகுதேன்னு..." என்று ஆரம்பித்தார் மாமா. தலை நரைக்கும் வரை படகு ஓட்டிய மனுஷன் சொல்கிற பொய்யா இது!

"இந்தச் சவாரி கைவிட்டுப் போயிருந்தா நீங்களும்தானேங்க பட்டினி கிடப்பீங்க?" என்றாள் அக்கா.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் அக்கா போட்டுங்கறாங்க. என்னை ஒருத்தனும் நினைக்கிறதில்ல."

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு. கட்டின பெண்டாட்டியா எதிரி? எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

மேஸ்திரி மூடியைத் திருப்பிக் கொடுத்தார். "நீயே ஓட்டும்மா."

அக்கா மாமாவின் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டாள். "இனிமே டேங்க்கை நானே ரொப்பிக்கிறேன்."

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார் மாமா. குரல் உடைந்திருந்தது.

அக்கா கயிற்றை இழுத்தாள். அவளுக்கு அது நன்றாகவே கேட்டது, நான் முகத்தைப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி படகைத் திருப்பினாள்.