அளவெட்டிப் பந்தலில் கொங்கோப் பாட்டு

கொங்கோ நாட்டு ஆட்டப் பாட்டை நான் முதன்முதல் கேட்டது அளவெட்டியில் ஒரு கலியாண வீட்டில். அந்த ஒரு பாட்டால் என் கோயில் வேலை போனது.

மருதனார்மடத்தில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது என் தொழில். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எங்கே ஸ்பீக்கர் செற் பூட்டினாலும் முதலில் பிள்ளையார் பாட்டுத்தான். அது முடியும்வரை கைகூப்பி நிற்பேன்.

அன்று காலை, பாரிசிலிருந்து வந்திருந்த, கலியாணப் பொம்பிளையின் மாமன் ஒரு பென் டிரைவைத் தந்தார்.

"அண்ணை, இதை ஒருக்காப் போட்டுவிடுங்கோ. ரெஸ்ரோரன்ரிலை என்னோடை கோப்பை கழுவின கொங்கோக்காரன் தந்தவன்."

பாட்டின் தொடக்கத்தை மட்டும் ஹெட்போனில் கேட்டு, சத்த அளவு பார்த்து வைப்பது எங்கள் வழக்கம். கேட்டேன். நாலைந்து குரல்கள் சேர்ந்து உருகிப் பாடின. பாஷை புரியவில்லை. குருநகர் மாதா கோயில் பெருநாளுக்கும் நான் செற் பூட்டியவன். இதுவும் வேதக்காரரின் பாட்டு, பெரியவர்கள் சாப்பிடும்போது போடலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

முதற் பந்தியில், கலியாண வீட்டுக்கு எதிரேயுள்ள கோயிலின் தர்மகர்த்தா இருந்தார். வருடாவருடம் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட என்னைக் கூப்பிடுபவர் அவர்தான். பக்கத்தில் தவில்காரர். பாட்டுப் பாதிவரை அமைதியாகவே போனது. "நல்ல பாட்டு" என்று தர்மகர்த்தாவே தலையாட்டினார்.

பிறகு பாடியவர்கள் விலகிக்கொள்ள, கிற்றார்கள் எழும்பின. ஒன்று கேட்க மற்றது மறுமொழி சொல்ல, இடையில் ஒருவர் கூவிக் கூவி உசுப்பேற்றினார். தென்னையில் கட்டும் ஹோர்ண் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் எடுபடாது, மேற்சத்தம்தான் துலங்கும். அந்தக் கிற்றார் முழுக்க மேற்சத்தம். தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல் இருந்தது. சாம்பார் வாளியோடு நின்றவரின் கால் தாளத்துக்கு நடக்கத் தொடங்கியது. பாரிஸ் மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

தர்மகர்த்தா சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"என்ன காணும், கோயில் வாசலுக்கு நேரை ஹோர்ணைக் கட்டிப்போட்டு இதையே போடுறீர்?"

"சாமிப் பாட்டெண்டு நினைச்சிட்டன் ஐயா."

"எந்தச் சாமி உப்பிடி இடுப்பை ஆட்டச் சொன்னது?"

"நடராசர் ஆடேல்லையே ஐயா?" என்றார் தவில்காரர். அவருடைய இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"நீர் பேசாமல் சாப்பிடும். காணும், நிப்பாட்டும் அதை."

நான் ஓடிப்போய் வொலியூமில் கை வைத்தேன்.

"ஐசே, நடுவிலை அறுக்காதையும். கிற்றார்க்காரன் ஏறி வாறான், இறங்கட்டும்" என்றார் தவில்காரர்.

திருகியிருக்கலாம். ஆனால் அந்தக் கிற்றார் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே வைத்தது. என் கை அசையவில்லை. பாட்டு தானாக முடிந்த பிறகுதான் கையை எடுத்தேன். தர்மகர்த்தா பாயாசம் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாத பாட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டு ஹோர்ணுக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டீர்களென்றால் முடியவிடுங்கள்.

அந்த வருடத் திருவிழாவுக்கு வேறொருவர் செற் பூட்டினார். தேரன்று அம்ப்ளிபயரைக் காவல் காக்கும் வேலை எனக்கில்லை. சனத்தோடு சனமாக நின்று வடம் பிடித்தேன். மனைவி பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு வந்தாள்.

"வேலை போனது கவலையோ?" என்று கேட்டாள்.

"கவலைதான்."

"எனக்கில்லை. கலியாணம் கட்டி இத்தினை வருசத்திலை இண்டைக்குத்தான் என்னோடை தேருக்கு வந்திருக்கிறியள்" என்றாள்.