நீர்ப்பைக்குள் கட்டிய காக்கை

கம்பம் மார்க்கெட்டில் திராட்சைப் பெட்டி சுமந்துதான் பிழைப்பைத் தொடங்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கு அனுமந்தன்பட்டிப் பக்கம் என் பந்தலைப் பார்க்கவென்றே வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். யார் காலையும் பிடித்துச் சம்பாதித்ததில்லை. உடம்பும் அப்படித்தான். சாய்ந்த பந்தல் கல்லை இந்த வயதிலும் ஒற்றை ஆளாய் நிமிர்த்துவேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கட்டும்.

அந்த உடம்பிலிருந்துதான் ஒரு நாள் மூத்திரம் பன்னீர் திராட்சைச் சாறு நிறத்தில் போனது. வலி இல்லை. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன், நின்றது. மறுபடியும் போனது. வேட்டியில் கறையைப் பார்த்த என் பெண்சாதி மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நீர்ப்பைக்குள் புற்று. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். மேலோடுதான் நிற்கிறது, ஆனால் திரும்ப முளைக்கிற ஜாதி என்றார் டாக்டரம்மா. முளைத்து ஆழம் போனால் நீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே பிளாஸ்டிக் பை மாட்ட வேண்டி வருமாம். சலவை வேட்டியும் அகல பெல்ட்டுமாக ஏலத்தில் நிற்கிற ஆள் நான். இடுப்பில் மூத்திரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டா விலை பேசுவது? அதற்குச் சுடுகாடே தேவலை என்றேன்.

“அது வராம இருக்கத்தான் ஐயா இந்த மருந்து. காசநோய்க்குக் குழந்தைகளுக்கு ஊசி போடுறோமே, அதே கிருமி. வீரியம் குறைச்சது. வாரம் ஒரு தடவை நீர்ப்பைக்குள்ள விடுவோம்.”

“புத்து இருக்கிற எடத்துல கிருமிய வேற விடுவீகளா? நல்ல கூத்தா இருக்கே!”

“அந்தக் கிருமியோட மேல்தோலைக் கண்டாலே உங்க உடம்புக்கு ஆகாது. எதிரி வந்துட்டான்னு காவல் அணுக்கள் கூட்டமா வரும். வந்த இடத்துல புத்தையும் சேர்த்து அடிக்கும். கிருமியைக் கொன்னு, அந்தத் தோலை மட்டும் பிரிச்செடுத்துக்கூட விட்டுப் பார்த்திருக்காங்க. அதுக்கும் கூட்டம் வருது. ஆனா இங்க நம்ம கையில இருக்கிறது இதுதான்.”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பழம் கனிகிற நேரத்தில் மைனாவும் கிளியும் பந்தலில் இறங்கினால், செத்த காக்கை ஒன்றைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவோம். செத்த காக்கையால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதைப் பார்த்து ஊர்க் காக்கையெல்லாம் கூடிக் கத்துகிற கத்தலில் மற்றப் பறவை ஒன்றும் தங்காது.

“காக்கா கட்டுறீக,” என்று அதை விளக்கினேன்.

டாக்டரம்மா சிரித்தார். “சரிதான் ஐயா. ஆனா சிலருக்குக் காக்கா கூடாமலும் போகும்.”

அந்தக் கடைசிப் பேச்சு வீடு வரைக்கும் என்கூடவே வந்தது.

மருந்தை விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். அதற்காகக் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு தடவையும் அப்படியே செய்தேன். எரிச்சல் மட்டும் உயிரை எடுத்தது. மூன்றாம் தடவை கார் ஓட்டி வந்த என் மச்சினன் வீரபாண்டியில் ஓரங்கட்டினான்.

“எறங்குங்க மச்சான். ரெண்டு எளநி குடிங்க. மொகமே காஞ்சு கெடக்கு.”

“குடிக்கக் கூடாதுன்னாக மாப்ள.”

“காப்பி, சோடாவச் சொல்லியிருப்பாக. எளநி குளுமை. எரிச்சலுக்கு இத விட்டா வேற என்ன இருக்கு?”

“அங்கன போய் அடக்க முடியலைன்னா?”

“யாரு, நீங்களா? குமுளி வரைக்கும் ஜீப்புல தொங்கிக்கிட்டே போனேன்னு பீத்துவீகளே, ரெண்டு எளநிக்குப் பயமா?”

அந்தப் பேச்சுக்காகவே இரண்டையும் குடித்தேன்.

மருந்து விடுமுன் குழாய் வழியே ஒட்ட வடித்தார்கள். ஆனால் இளநீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. மருந்து எல்லாப் பக்கமும் படுவதற்காக இடம், வலம், குப்புற என்று புரண்டு படுக்க வேண்டும். ஒவ்வொரு புரளலுக்கும் உயிர் போனது. பசியை அடக்கியிருக்கிறேன், கோபத்தை அடக்கியிருக்கிறேன். இதை அரை மணி நேரம் அடக்க முடியாமல் ஓடினேன்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா நின்றிருந்தார். “எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?”

“முழுசும் வச்சிருந்தாக,” என்று மச்சினன் முந்திக்கொண்டான். என் மானத்தைக் காப்பாற்றுகிறானாம்.

நானும் தலையாட்டியிருப்பேன். அப்போதுதான் உறைத்தது. நாளைக்குப் புற்று திரும்பினால் இந்த அம்மா என்ன நினைப்பார்? மருந்து முழுதாகப் பட்டும் காக்கை கூடவில்லை என்று நினைத்து நீர்ப்பையை எடுக்கச் சொல்வார். நான் காக்கையைக் கட்டவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“இல்லம்மா. அரை மணி நேரங்கூட இல்ல. எளநி குடிச்சுட்டு வந்தேன்.”

மச்சினன் தரையைப் பார்த்தான். “கொஞ்சமாவது பட்டிருக்கும். அடுத்த வாரம் காஞ்சு வாங்க,” என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரம் வீரபாண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். இரண்டு மணி நேரமும் அடக்கினேன். அன்று சாயங்காலம் காய்ச்சல் தூக்கிப் போட்டது. பெண்சாதி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். நாளைக்கும் நீடித்தால் உடனே வரச் சொன்னார். எனக்கோ, இத்தனை நாள் இளநீர் ஊற்றி அணைக்கப் பார்த்த சூடுதான் மருந்து வேலை செய்கிற சத்தமோ என்று தோன்றியது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, “காக்கா கூடிருச்சுடி,” என்றேன்.

“ஆமா, சோறு வைக்கிறதுதான் பாக்கி. பேசாமப் படுங்க,” என்றாள்.

விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மிச்ச வாரங்களும் முடிந்து, மறுபடி குழாய் விட்டுப் பார்த்த அன்று திரையை எனக்கும் காட்டினார்கள். களையெடுத்த நிலம் மாதிரி செக்கச் சிவந்து கிடந்தது. முளை ஒன்றும் இல்லை. “இப்போதைக்கு,” என்றார் டாக்டரம்மா. இன்னும் பல தடவை வந்து மருந்து விட்டுக்கொள்ள வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். காக்கை கட்டினவன் ஒரு வருஷத்தோடு விடுவானா? சரி என்றேன்.

வரும் வழியில் நானே காரை நிறுத்தச் சொல்லி இளநீர் குடித்தேன். ஆண்டிபட்டி தாண்டியதும் மறுபடி நிறுத்தச் சொல்லி, ஒரு புதர் ஓரமாய்ப் போய் நின்றேன். நிறம் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

“என்ன மச்சான், இன்னுமா?” என்று மச்சினன் காரிலிருந்து கத்தினான்.

“இருடா மாப்ள,” என்றேன். “இப்ப என்ன அவசரம்?”