விற்பனைக்கு இருந்தது கிட்டார் மட்டும்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் யார் எதை விற்றாலும், வெளிநாடு போகப்போகிறார்கள் என்றுதான் சனம் நினைத்தது. நான் ஒரு பழைய சின்னக் கிட்டாரை விற்க வெளிக்கிட்டபோதும் அதே கதைதான்.

கொட்டாஞ்சேனையில் பழைய சாமான் கடையொன்றில் மலிவாக வாங்கியது அது. தந்திகளைத் தாங்கும் கட்டை கழன்று, முதுகுப் பலகை வெடித்திருந்தது. கந்தோரில் வேலை முடிந்து வந்து வெடிப்பைப் பசை போட்டு இறுக்கினேன், கட்டையை ஒட்டினேன், புதுத் தந்தி பூட்டினேன். சுருதி பிசகாமல் நின்ற அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பத்திரிகை விளம்பரம் பார்த்து முதலில் வந்தவர் கிருலப்பனைத் தமிழர் ஒருவர். கிட்டாரைத் தொட்டும் பாராமல் பாதி விலை சொன்னார்.

“எப்பிடியும் போகப்போறீங்கள், தங்கச்சி. இதையும் காவிக்கொண்டே பிளேன் ஏறுவீங்கள்?”

“நான் ஒரு இடமும் போகேல்லை, அண்ணை. பழுதாக் கிடந்ததைத் திருத்தினனான். அதுக்குத்தான் இந்த விலை.”

“எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுறவை,” என்று சிரித்தார். நான் கிட்டாரை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அவருக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த கிழமை பொரளையிலிருந்து ஒரு சிங்கள நேர்ஸ் வந்தார். கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்து, கேட்ட விலையைத் தந்தார். போகும்போது, எப்போது பயணம் என்று அவரும் கேட்டார்.

“பயணம் ஒன்றும் இல்லை,” என்று சிங்களத்தில் சொன்னேன். “உடைந்த கிட்டார் வேறு இருந்தால் கொண்டுவாருங்கள்.”