நாளைக்கு மேடம்

நீர் வாரியத்தின் கழிவுநீர் நிலையத்தில் அவளுக்கு ‘நாளைக்கு மேடம்’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், பெரிய பொறியாளரே வந்து நின்று கேட்டாலும், “நாளைக்குச் சொல்றேன்” என்பாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஊர் முழுக்கக் குளித்து, துவைத்து, கழுவி அனுப்புகிற தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுகிற இடம் அது. விடுகிற வாயில் தினம் ஒரு பாட்டில் பிடித்து வந்து, அளவாகத் தட்டில் ஊற்றி, சூட்டுப் பெட்டிக்குள் வைப்பாள். மனிதக் குடலிலிருந்து வந்த கிருமி இருந்தால் மறுநாள் காலை தட்டில் நீலப் புள்ளியாக முளைத்திருக்கும். எண்ணினால் விடை. தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பேசுவதெல்லாம் ஜோசியம் என்பது அவள் கட்சி. வீட்டில் உப்பு போதுமா என்று கேட்கிற கணவர் கூட, “இல்ல, நாளைக்குத்தான் சொல்லுவியா?” என்று சேர்த்தே கேட்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த மகள் நீச்சல்காரி. ஊர் ஆற்றில் இறங்கக் கூடாதென்று பல வருடமாகப் பலகை நின்றது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒரு அளவு வைத்திருந்தது: புள்ளிகள் அதற்குள் அடங்கினால்தான் படித்துறையைத் திறக்கலாம். இந்த வருடம் அடங்கின. பலகையைப் பிடுங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆற்றிலேயே பள்ளிகளுக்கு நீச்சல் போட்டி என்று அறிவித்தார்கள். அத்தனை நாள் முடிவுகளிலும் இருந்தது அவள் கையெழுத்துதான். வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்கு உள்ளூரத் தலைகால் புரியாத சந்தோஷம்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பாட்டில் உடைந்தது. கொதிக்க வைத்துக் கிருமி நீக்கிய பாட்டில், கை நழுவி ஆய்வகத் தரையில் சிதறியது. வேறொன்றைத் தயார் செய்து ஆற வைப்பதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வேலைக்கு வந்த நாளிலிருந்து காலை வேளையில்தான் தண்ணீர் பிடித்திருக்கிறாள். அதில் சூது ஒன்றுமில்லை. மதியத்துக்குள் தட்டை வைத்துவிட்டால் மறுநாள் வந்ததும் எண்ணச் சரியாக இருக்கும், அவ்வளவுதான். தினம் ஒரு முறை எடுக்க வேண்டும் என்றுதான் விதியும் சொன்னது. எப்போது என்று சொல்லவில்லை.

ஆற்றில் சேர்வதற்கு முன் கடைசியாக ஒரு வாய்க்கால் உண்டு. அதில் புற ஊதா விளக்குகள் வரிசையாக மூழ்கிக் கிடக்கும். அந்த ஒளி பட்டால் கிருமி செத்துப்போகும். அன்று போய் நின்றவளுக்குத் திக்கென்றது. காலையில் சாதுவாக நகரும் தண்ணீர், விளக்குகளுக்கு மேலே ஏறி, இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணே, இந்த ஓட்டம் ஓடுது?” என்று விளக்குகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டாள்.

“எப்பவும் மத்தியானம் இப்படித்தானே மேடம். காலையில ஊரே குளிக்குது, அது குழாயில நடந்து வந்து சேர இந்நேரம் ஆயிடும். நீங்க மத்தியானம் வந்து பார்த்ததே இல்லையே.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவ்வளவு வேகத்தில் போகிற தண்ணீர்மேல் ஒளி எவ்வளவு நேரம் படும்? இத்தனை வருடமாக அவள் எண்ணியது ஊர் தூங்குகிற நேரத்துத் தண்ணீரை மட்டும்தானா? குனிந்து பாட்டிலை நிரப்பி மூடும்போது கைபேசி அடித்தது. மகள்.

“அம்மா, மாஸ்டர் இன்னைக்கே ஆத்துல இறங்கிப் பழகலாம்னு சொல்றாரு. எல்லாரும் போறாங்க. போகட்டுமா?”

படித்துறை அங்கிருந்து இரண்டு வளைவு தள்ளித்தான். கண் முன்னால் ஓடுகிற இதே தண்ணீர் கொஞ்ச நேரத்தில் அங்கே இருக்கும். போகாதே என்று அடித்தொண்டை வரை வந்தது. ஆனால் எதை வைத்துச் சொல்வது? தட்டு இன்னும் வைக்கவே இல்லை. நேற்றைய விடை நல்ல விடை. இரைச்சலைக் கேட்டுப் பயந்தேன் என்றா சொல்வது?

“போ. ஆனா தண்ணிய முழுங்கிடாத. வாயை மூடிக்கிட்டு நீந்து.”

“வாயை மூடிக்கிட்டு யாராவது நீந்துவாங்களாம்மா?” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள் மகள்.

மாலையில் ஈரத்தலையோடு வந்து, ஆறு எவ்வளவு குளுமை, குளத்து நீச்சல் எல்லாம் ஒரு நீச்சலா என்று வாய் ஓயாமல் பேசினாள். அம்மா துண்டை எடுத்து அந்தத் தலையைத் துவட்டினாள், துவட்டினாள், வலிக்குதும்மா என்று அவள் கத்துகிற வரை துவட்டினாள்.

மறுநாள் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தட்டு முழுக்க நீலம். அப்படியே எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு மந்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“பாட்டில் சரியா கொதிக்கலையோ என்னவோ. வழக்கம்போல காலையில இன்னொண்ணு எடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

“இன்னைக்கே சார்,” என்றாள். “நேத்து பிள்ளைங்க இறங்கியாச்சு. இன்னைக்கும் இறங்குவாங்க. நீங்க கட்டுப்பாட்டு ஆபீஸுக்குப் போன் போடுங்க, இல்லைன்னா நான் போடறேன்.”

அவளிடமிருந்து ‘இன்னைக்கு’ என்ற சொல்லைக் கேட்டறியாத பொறியாளர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். மதியத்துக்குள் படித்துறையில் பலகை திரும்ப நின்றது. சும்மா கிடந்த இரண்டாவது விளக்கு வாய்க்காலைத் திறக்க ஆள் வந்தது.

வாரியம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. அவளுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளி விட்டு வந்து, போட்டி நின்றதில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நேத்து நான் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்மா போகச் சொன்ன?”

அவள் கைபேசியை எடுத்தாள். நேற்று கூட நீந்தினவர்களின் வீட்டு எண்களைக் கேட்டாள். மகள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், முதல் எண்ணைச் சொன்னாள்.

முதல் வீட்டில் ஒரு அம்மா எடுத்தாள். இவள் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே குரல் உயர்ந்தது. “தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிப் போட்டிருந்தாங்களே! யாரு அதைப் பார்த்தது?”

“நான்தாங்க.”

“உங்க பொண்ணை இறக்கியிருப்பீங்களா அதுல?”

“இறங்குனா. நான்தான் போகச் சொன்னேன்.”

“எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?” என்று அந்த அம்மா கேட்டாள். கோபமெல்லாம் போய், கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட அவளுக்கு மனசு துடித்தது. சொல்ல அவளிடம் எந்தத் தட்டும் இல்லை.

“வயித்துவலியோ காய்ச்சலோ லேசா தெரிஞ்சாலே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. மத்தபடி… நாளைக்குத்தாங்க தெரியும்.”

எதிரே உட்கார்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த எண்ணைச் சொன்னாள்.