கற்பூரம் அணைத்த கை

மண்டூர் அன்னப்பூரணி பாய் இழைக்கிறவள். காணாமல் போன கழுத்து அட்டியலுக்காக மச்சாள் புஸ்பம் அவளைக் கள்ளி என்றபோது, பிள்ளையார் கோயிலில் எரிகிற கற்பூரத்தை வலது கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். "உன்ட அட்டியலை நான் எடுக்கல்ல." ஊர் நம்பியது. ஆறு மாதத்தில் அதே கையின் மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி எழும்பியது. புஸ்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

"பொய்ச் சத்தியம் கா. சாமி கையிலேயே முத்திரை குத்திப்போட்டார்" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். அன்னப்பூரணி நீட்டிய வெற்றிலையை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. புஸ்பத்தைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே தோணியேறி மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போனாள். ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருடம் அது.

அங்கே யந்திரத்தில் கையைப் படம் பிடித்தார்கள். எலும்பெல்லாம் சுத்தம், கட்டி படத்தில் விழவேயில்லை. மடைச்சி, அதை ஊர் முழுக்கச் சொன்னாள், "படத்தில ஒண்டும் இல்ல" என்று.

"படத்துக்கே தெரியாத கை வருத்தமா? அப்ப சாமி தந்ததுதான்" என்றாள் புஸ்பம். ஊர் தலையாட்டியது.

அழுதுகொண்டு மறுபடி தோணியேறினாள். டொக்டர் சிரித்தார். "எலும்புதான் படத்தில விழும் அம்மா, சதை விழாது." ஜன்னலைச் சாத்தி, கட்டியின் பக்கத்தில் டோர்ச்சை வைத்து அடித்தார். கட்டி முழுக்கச் சிவப்பாக வெளிச்சம் பரவியது. "பாருங்க, வெறும் தண்ணிப் பை. பாய் இழைக்கிற ஆக்களுக்கு வாறதுதான். எடுத்துவிடவா?"

புஸ்பமும் பாய் இழைக்கிறவள். இரண்டு மாதமாகச் சுளுக்கு என்று மணிக்கட்டில் சீலைத்துண்டு சுற்றிக்கொண்டு திரிகிறாள்.

"இப்ப வேணாம் ஐயா" என்றாள் அன்னப்பூரணி. பற்றரிக்கு அலைகிற அந்தச் சண்டைக் காலத்திலும் எப்படியோ ஒரு டோர்ச் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை அந்திப் பூசை முடிந்ததும் மண்டபத்து இருட்டில் தன் கட்டியை எல்லாருக்கும் டோர்ச்சால் சிவப்பாக எரியவைத்துக் காட்டினாள். சனம் வாய் பிளந்து நிற்க, புஸ்பத்தின் கையை எட்டிப் பிடித்துச் சீலைத்துண்டை இழுத்தாள். அதே இடம், அதே கட்டி. டோர்ச்சை அடித்தாள். அதே சிவப்பு.

"நான் கற்பூரம் அணைச்சன். நீ எதை அணைச்சாய் மச்சாள்?"

கட்டியை அவள் கடைசிவரை எடுப்பிக்கவில்லை. கல்யாண வீடோ செத்த வீடோ, வெற்றிலைத் தட்டோடு முதலில் புஸ்பத்திடம்தான் போவாள், அந்தக் கையை நன்றாக நீட்டிக்கொண்டு. ஊர் பார்த்திருக்க, புஸ்பம் எடுப்பாள்.