மிலிட்டரி லாரிக்கு நெல் லாரி லைனிங்

லாரி மெக்கானிக் வண்டியோடு மட்டும் மல்லுக்கட்டுகிறான் என்று நினைப்பவர்கள், வண்டியின் முதலாளியை இன்னும் பார்க்கவில்லை. பழைய வண்டியோடு மாரடிக்கிற உங்களுக்கு என் எரிச்சல் புரியும்.

எல்லாம் ஒரே இரும்பு

இரண்டாயிரத்து நாலு வாக்கில், விருத்தாசலத்து செராமிக் கம்பெனிகளுக்குக் களிமண் லோடு அடிக்கும் முதலாளி ஒருவர், ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஏலத்தில் எடுத்துவந்தார். சண்டைக்கென்றே தனியாகச் செய்த வண்டி என்று ஊரெல்லாம் தம்பட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பட்டறையில் பக்கத்தில் நின்ற நெல் லாரிக்கு அடியில் அவரைக் குனியவைத்துக் காட்டினேன். அதே சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். போல்ட் துளைகூட அதே இடத்தில்.

சண்டை வந்தபிறகு புதிதாக லாரி வரைந்துகொண்டிருக்க யாருக்கு நேரம்? ஊரில் ஓடுகிற சேஸிஸையே எடுத்து, உயரத்தைக் கூட்டி, முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, பச்சை அடித்து அனுப்பினார்கள். பல நாடுகளில் இப்படித்தான் ஆரம்பம் என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு முதலாளி நிமிர்ந்தார். "அப்ப மிலிட்டரிக்காரங்களையே ஏமாத்திட்டானுங்களா?"

வண்டியின் மானம்

அந்த லாரியின் பிரேக் லைனிங், அதாவது உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை, அடியிலிருக்கும் ரிவெட் ஆணி தெரியத் தேய்ந்திருந்தது. மிலிட்டரி லைனிங் வடக்கேயிருந்து வரட்டும் என்று மூன்று மாதமாக அப்படியே ஓட்டவைத்திருக்கிறார், பாவி மனிதர். கருவேப்பிலங்குறிச்சி வழியாகத் தினம் லோடு கொண்டுவரும் டிரைவர் அருள்தாஸ் என்னிடம் மெல்லச் சொன்னார்: "மாதாவ வேண்டிக்கிட்டேதாண்ணே பிரேக்க மிதிக்கிறேன். வூட்ல ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது."

கடைத்தெருவுக்கு ஓடி, நெல் லாரிக்குப் போடும் லைனிங்கை வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. முதலாளி அதைப் பிடுங்கி எறிந்தார். "சாதா லாரி சாமானப் போட்டா என் வண்டி மானம் என்னாவுறது?"

காலி மனையில் ஒரு சவாரி

"அப்ப நீங்களும் ஏறி உக்காருங்க!" என்று கத்தினேன். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மனையில், வெறும் வண்டியை நடை வேகத்தில்தான் ஓட்டினார் அருள்தாஸ். நாலு மிதி மிதித்தும் நிற்கவில்லை. மண்மேட்டில் முட்டித்தான் நின்றது. முதலாளி வியர்க்க விறுவிறுக்க இறங்கினார். புத்தி வந்துவிட்டது என்று நான் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். "யப்பா, இனிமே இதுல நான் ஏற மாட்டேங்க. டிரைவரே ஓட்டிக்கட்டும்."

அங்கேயே சக்கரங்களைக் கழற்றிப் பட்டறைக்குள் வைத்துப் பூட்டி, லைனிங் மாற்றச் சம்மதித்தால்தான் தருவேன் என்றேன். லோடு நின்றுபோகவே முதலாளி இறங்கிவந்தார். மூன்றாம் நாள் நெல் லாரி லைனிங்கோடு வண்டி வெளியே போனது, எனக்கு மட்டும் கிறுக்கு மெக்கானிக் என்ற பேர் நிலைத்தது.