சேற்றில் நின்ற படகு

பேகம்பேட்டில் முழங்காலளவு மழைத்தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட்டது. "ஆகே நை ஜாத்தா சாப்," இதற்கு மேல் வண்டி போகாது என்று கைவிரித்தார் ஓட்டுநர். என் தோளில் சாய்ந்திருந்த அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி இன்னும் தூரம். பொங்கிய சாக்கடைக் கால்வாயின் சேற்று வாடை முகத்தில் அடித்தது.

சின்ன வயதில் பழவேற்காடு ஏரியில் அடித்த அதே வாடை. அங்கே டச்சுக்காரர் கல்லறை ஒவ்வொன்றிலும், "பாவம், இவங்களுக்கு யாரு இருக்கா?" என்று அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியதில் நேரம் போய்விட்டது. திரும்பும்போது கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் சிக்கியது. பொழுது சாய, அம்மா ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். படகுக்காரர் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளிப் பார்த்தார்; படகு அசையவில்லை.

"அங்க பாருடா, பூநாரை!" என்றார் அப்பா.

நான் அவர் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அப்பா, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றார்.

"அங்க பாருங்கப்பா, கொக்கு!" என்று வெளியே காட்டினேன்.

அப்பா என் கையைப் பார்த்தார்.